கீழே கதைக்கிற மனிசன்

தவமலர் நெத்தலி கிள்ளிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து புருசன் சிரிக்கிற சத்தம் வந்தது. இருமலாக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். குகதாசனுக்கு இருமல் வரும், தும்மல் வரும், குறட்டை தாராளமாக வரும்; சிரிப்பு வந்து அவள் கண்டது எப்போது? திருப்பியும் வந்தது. ஓம், சிரிப்புத்தான், அதுவும் வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. குசினித் தரையில், பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில், பனிக்காலத்தில் சூட்டுக்காற்று வருகிற தகரக் குழாயின் வாய் கம்பித்தட்டுப் போட்டுக் கிடக்கிறது. அது நேரே வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்றுக்குள்ளால் போகிற குழாய். பனிக்காலத்தில் காற்று இரைகிற இரைச்சலில் அதற்குள்ளால் ஒன்றும் கேட்காது. இப்போது ஜூன் மாதம், ஹீற்றர் நிப்பாட்டியாயிற்று, ஸ்காபரோவில் அந்த வீட்டின் கீழே ஆர் மூக்குச் சீறினாலும் மேலே நிற்கிறவளுக்குக் கேட்கும். அவள் ஒன்றும் ஒட்டுக்கேட்கவில்லை. மீன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்து கிள்ள வசதியான மூலை அதுதான், அவ்வளவுதான். காலையில் கதிரையை அங்கே இழுத்துப் போட்டதும் வெளிச்சத்துக்காகத்தான். ஜன்னல் மற்றப் பக்கத்தில் இருந்தால் அதற்கு அவள் என்ன செய்ய?

கீழே நடக்கிறது சுவர் வைத்தியம். பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற நிரோஜினியின் கட்டிலுக்குப் பின்னால், அத்திவாரச் சுவரில், மேலேயிருந்து கீழே ஒரு வெடிப்பு. மயிரிழை மாதிரித்தான். போன கிழமை பெய்த மழைக்கு அதற்குள்ளால் தண்ணி கசிந்து காப்பெற் நனைந்து, அறை முழுக்க ஈரச்சாக்கு மணம். அந்தப் பெட்டை படியேறி வந்து கதவைத் தட்டி, "அக்கா, ஒண்டும் அவசரமில்லை, சொல்லத்தான் வந்தனான்" என்றாள். அவசரமில்லையாம். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த குகதாசன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். கை கழுவினாரோ என்பதும் சந்தேகம். மேலே குளிக்கிற அறைக் குழாய் போன வருசத்துத் தீபாவளியிலிருந்து சொட்டுகிறது. இரவிரவாய்ச் சொட்டுகிறது. அதைச் சொன்னால், "பாப்பம்." அலுமாரிக் கதவு கழன்று தொங்குகிறது. "பாப்பம்." கீழே ஒரு சொட்டு வந்தவுடன் மனிசன் இரண்டு நாள் ரெலிபோனில் வீடியோ பார்த்து, கடைக்குப் போய், கம்பித் தூரிகை என்ன, பசை என்ன, மருந்து ஏற்றுகிற துவக்கு மாதிரி ஒரு சாமான் என்ன, எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, இன்றைக்குச் சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாய்க் கீழே இறங்கிவிட்டார். இறங்குகிறபோது தலையை வாரியிருந்தார். அதை அவள் பார்த்தாள். சுவருக்குத் தலைவாரிக்கொண்டு போகிற மனிசனை ஆராவது கண்டிருக்கிறார்களா? இல்லை, ஒவ்வொரு நாளும் வாருகிறவர்தானே, வேலைக்குப் போகிறதென்றால். ஆனால் சனிக்கிழமை வாரமாட்டார். வாரினவரோ, வாரமாட்டாரோ? கட்டி இத்தனை காலத்தில் சனிக்கிழமையில் புருசனுடைய தலையை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது, பட்டவுடன் அதுவும் நிரோஜினி மேலேதான் கோபமாய்ப் போனது. நெத்தலித் தலை ஒன்று நசிந்து விரலில் ஒட்டியது.

நிரோஜினி அப்படி ஒன்றும் வடிவில்லை. வடிவென்றால் வயித்தெரிச்சலுக்கு ஒரு நியாயம் இருக்கும். மெலிஞ்ச உடம்பு, முன்பல் ஒன்று கொஞ்சம் தள்ளி நிற்கும், முதியோர் இல்லத்தில் வேலை, எந்நேரமும் அந்த நீலச் சட்டை. புருசன் வவுனியாவில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு ரெலிபோனில் சண்டை பிடிக்கிறதும் பேந்து அழுகிறதும் குழாய்க்குள்ளால் கேட்கும். பாவம்தான். பாவமில்லை என்று ஆர் சொன்னது? ஆனால் பாவமான பெட்டையளிடம்தான் ஆம்பிளையள் போய் விழுகிறது. பக்கத்து ஊர் மார்க்கத்தில் இருந்த அந்தச் சிவபாதத்தாருக்கு என்ன நடந்தது? கோயிலில் திரவியம் அக்கா வாயில் சீலையை வைத்துக்கொண்டு சொன்ன கதை: பேஸ்மென்றுக்கு வாடகைக்கு வந்தவளுக்கு மின்குமிழ் மாற்றிக் கொடுக்கப் போனவர் திரும்பி மேலே வரவேயில்லை. ஒரு மின்குமிழ் மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? அது மின்குமிழ். இது சுவர். சீ, இந்த மனிசன் அப்படிப்பட்ட ஆளில்லை. அப்படிப்பட்ட ஆளில்லையென்று சிவபாதத்தாரின் மனிசியும் சொன்னவதானே. தண்ணிக்குள்ளால நெருப்புக் கொண்டுபோற சாதி இந்த வாய் திறக்காத ஆம்பிளையள். இன்றைக்கு மனிசன் மேலே வரட்டும், வந்து தேத்தண்ணி குடிக்கட்டும், அவள் நேரே கீழே போய்ச் சொல்லுவாள்: பிள்ளை, வேற இடம் பாரும், எங்கட சொந்தக்காரர் வருகினம், அறை வேணும். எந்தச் சொந்தக்காரர் என்று கேட்டால்? ஆரோ வருகினம். சொந்தக்காரருக்கா பஞ்சம்?

"வந்திட்டுது, வந்திட்டுது! அண்ணை, மேல் துளையால வருது!" குழாய்க்குள்ளால் நிரோஜினியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "அப்ப கீழ்த்துளையை மூடியைப் போட்டு மூடும், நான் அடுத்ததுக்குப் போறன்," என்றார் குகதாசன். வெடிப்பு நெடுக சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் குழல்களை வரிசையாய் ஒட்டி, கீழ்க்குழலுக்குள் பசையை அமத்த, அது சுவருக்குள்ளால் ஏறி மேல்குழலால் எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் கீழ்க்குழலை அடைத்துவிட்டு மேலே போகவேணும். இதெல்லாம் தவமலருக்கு எப்படித் தெரியும்? அவர் அவளுக்குச் சொல்லவில்லை. கீழே அவளுக்குச் சொன்னார், குழாய் இவளுக்குச் சொன்னது. கட்டின மனிசிக்குத் தகரக் குழாய்தான் வந்து சேதி சொல்லவேணுமென்று தலையில் எழுதியிருக்கு. எவ்வளவு ஆறுதலாய், எவ்வளவு வடிவாய் விளங்கப்படுத்துகிறார். மேலே ஒரு நாளைக்கு இந்த மனிசன் கதைக்கிறது ஒரு வெத்திலையில் எழுதி மடிக்கலாம். ஓம். இல்லை. உப்புக் கொஞ்சம் கூட. காருக்குள் குடை கிடக்கு. தவமலர் தன் சிநேகிதிகளிடம் பெருமையாய்க்கூடச் சொல்லியிருக்கிறாள், எங்கட வீட்டுக்காரர் கோயில் மாடு மாதிரி, கதையே இல்லை, கரைச்சலே இல்லை என்று. கதை இல்லாமலில்லை! கதை கிடந்திருக்கிறது, மூட்டை மூட்டையாய்க் கிடந்திருக்கிறது, அவளுக்குத்தான் அவிழ்க்கவில்லை. அவர் வேறொருத்தியைத் தொட்டுவிட்டார் என்று ஆராவது வந்து சொல்லியிருந்தால் அவளுக்கு இப்படி எரிந்திருக்குமோ தெரியாது. தொட்டதென்றால் அகப்பையைத் தூக்கலாம். கதைத்ததற்கு என்னத்தைத் தூக்கிறது?

பிறகுதான் அந்தக் கதை வந்தது. நிரோஜினி தண்ணியைப் பற்றி என்னவோ கேட்டிருக்கவேணும், அது சரியாய்க் கேட்கவில்லை, குகதாசனின் குரல்தான் தெளிவாய் ஏறிவந்தது. "உமக்குத் தெரியுமே, நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வரியம் மொன்றியலில ஒரு பேஸ்மென்ற். ஏழெட்டுப் பெடியள் நிலத்தில பாயைப் போட்டுப் படுக்கிறது. பனி உருகிற காலம். நித்திரைக்குள்ள காதுக்குள்ள தண்ணி. நான் எங்க கிடக்கிறன் எண்டே தெரியேல்லை. அதுக்கு முதல் நாங்கள் இந்தியாவுக்குத் தோணியில போகேக்க, தோணிக்குள்ள தண்ணி ஏறி, விடிய விடிய வாளியால அள்ளி ஊத்தினதுதான் என்ர வேலை. அந்த எண்ணம். எழும்பி, கிடந்த கறிச்சட்டியைத் தூக்கி அள்ளத் துடங்கியிட்டன். 'அள்ளுங்கோடா! அள்ளுங்கோடா!' எண்டு கத்திக் கத்தி அள்ளி, படுத்துக் கிடந்தவங்களுக்கு மேல ஊத்திறன். ஒருத்தன்ர சப்பாத்து மிதந்து வருது, அதை ஆளெண்டு நினைச்சுப் பிடிச்சு இழுக்கிறன்." மறுபடியும் அந்தச் சிரிப்பு. நிரோஜினியும் சிரித்தாள். தவமலருக்கே வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது, வந்ததை உடனே விழுங்கினாள். "பெடியள் ஒரு கிழமையா என்னை 'தோணி' எண்டுதான் கூப்பிட்டவங்கள்," என்றார். பிறகு குரல் இறங்கியது, அவள் சட்டியை விட்டுக் குனிந்தாள். "பேந்து அவங்கள் படுத்தாப்பிறகு நான் படியில போயிருந்து அழுதனான். விடியுமட்டும்." பசைத் துவக்கு மட்டும் கிறீச், கிறீச் என்றது. தவமலர் கம்பித்தட்டுக்கு மேலே குனிந்தபடி இருந்தாள். அழுதவராம். மாமி, அவருடைய சொந்தத் தாய், செத்த செய்தி வந்த அன்றைக்குக்கூட இந்த மனிசன் அழவில்லை, போய்ப் புல்லு வெட்டினவர். அவருடைய கண்ணீர் எந்த நிறமென்று அவளுக்குத் தெரியாது, அதைப் போய்க் கீழ்வீட்டுக்காரி கேட்டுக்கொண்டு நிற்கிறாள், கால் மேல் கால் போட்டுக்கொண்டு, அவள் கால் மேல் கால் போடுகிறவளோ தெரியாது, போட்டிருப்பாள். கட்டில், சாப்பாடு, காய்ச்சல், கடன், எல்லாத்திலும் பங்கு எடுத்தவள் இவள். அழுகையில் பங்கு கொடுக்க வேற ஆள். அப்போது நிரோஜினி கேட்டாள்: "அக்கா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா, என்ன?" தவமலர் காதைக் கம்பித்தட்டோடு ஒட்டினாள். "அவவுக்கு..." என்றார் குகதாசன். அவ்வளவுதான். அவவுக்கு. அவவுக்கு என்ன? அவவுக்கு விளங்காதோ? அவவுக்கு நேரமில்லையோ? அவவுக்குச் சொல்லுறதும் ஒண்டு, சுவருக்குச் சொல்லுறதும் ஒண்டோ? நாசமாய்ப் போன துவக்கு கிறீச்சென்று அதற்கு மேலே ஏறி மிதித்தது. அவவுக்கு என்ற சொல் ஒரு மீன்முள் மாதிரி அவளுடைய தொண்டையில் நின்றது, விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

கிள்ளி முடித்த நெத்தலியைக் கழுவவேணும். எழும்பவில்லை. எழும்புகிற நேரத்தில் மிச்சத்தைச் சொல்லிவிட்டால்? கீழே சாமான்களை அடுக்குகிற சத்தம். "எதுக்கண்ணை இந்தச் சுவரில மட்டும் தண்ணி வருது? மற்றப் பக்கம் ஒரு ஈரமும் இல்லையே," என்று நிரோஜினி கேட்டாள். குகதாசன் சாமான் அடுக்குகிறதை நிப்பாட்டினார். பிறகு, "வெளியில போய்ப் பாத்தனீரே? அக்கான்ர பாத்தி," என்றார். தவமலர் நிமிர்ந்தாள். "சுவரோட ஒட்டி மண்ணைக் கொத்தி, சுத்திவர வரம்பு கட்டி வைச்சிருக்கிறா. ஊரில தோட்டத்துக்கு இறைக்கிற மாதிரி. கத்தரிக்குத் தண்ணி கட்டி நிக்கவேணும் எண்டு பின்னேரத்தில பைப்பைப் போட்டு நிரப்பி விடுவா. இந்த நாட்டில மண் சுவரை விட்டு வெளிப்பக்கமாச் சரிஞ்சிருக்கவேணும். இது குளம் மாதிரி நிண்டு நேரா வெடிப்புக்குள்ள இறங்குது." "ஐயோ, அப்ப அக்காவுக்குச் சொல்லுங்கோவன்." "சொல்லமாட்டன். நீரும் சொல்லாதையும். சொன்னா அண்டைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோடும் அந்த மனிசி. வரியத்தில அரைவாசி பனிக்குள்ள அடைஞ்சு கிடக்கிறது. கத்தரி பூக்கிற நேரத்திலதான் முகத்தில ஒரு வெளிச்சம். சுவரைத்தானே, நான் அடைச்சுக்கொண்டிருக்கிறன்."

அவளுக்கு முதலில் முகம் சுட்டது. கத்தரிப் பாத்தியோ! அப்ப அந்தக் காப்பெற்றை நனைத்தது அவள் கட்டி நிறுத்தின தண்ணி. ஊரில் அவளைப் பெத்த அப்பு கட்டுகிற மாதிரியே வரம்பை மண்வெட்டியால் தட்டித் தட்டி இறுக்கினாளே, தண்ணி ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாதென்று, போகத்தான் இல்லை, உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டுச் சீனன்கூட ஒருநாள் வேலிக்கு மேலால் என்னவோ கையைக் காட்டிக் காட்டிச் சொன்னான், கத்தரிக்காய் கேட்கிறான் என்று நினைத்து இரண்டு பிடுங்கிக் கொடுத்தாள். பிறகு மனம் இளகியது. முகத்தில ஒரு வெளிச்சமாம். அதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், எங்கே நின்று, எந்த ஜன்னலால்? கண்ணில் தண்ணி முட்டியது, மீன்கையால் துடைக்கவும் ஏலாமல் தோளில் தேய்த்தாள். இளகின மனம் இளகினபடி நின்றிருந்தால் அவள் தவமலரில்லை. பொறாமைக்கு நல்லது கெட்டது தெரியாது. நல்லதைக் கொடுத்தாலும் தின்றுவிட்டு அதுதான் கொழுக்கும். என்னைப் பற்றி இவ்வளவு வடிவாய்ச் சொல்லத் தெரிந்த மனிசன் அதை எனக்கல்லவா சொல்லியிருக்கவேணும்? என் முகத்து வெளிச்சம் அவளுக்கு எதற்கு? "நீரும் சொல்லாதையும்" என்று இரண்டு பேருமாய் ஒரு இரகசியம் வைத்திருக்கினம், அதுவும் என்னைப் பற்றின இரகசியம், புருசனும் வேற பொம்பிளையும் எனக்காக இரங்குகினம், அவையள் இரங்குகிறதுக்கு நான் ஆர், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளோ? அவவுக்கு. அவவுக்கு. கை கழுவாமலே எழும்பினாள். சட்டியைக் கதிரையில் வைத்தாள். சொல்லுவாள், இப்பவே சொல்லுவாள்: பிள்ளை, வேற இடம் பாரும். படியில் தடதடவென்று இறங்கினாள்.

பேஸ்மென்றுக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலை இழுத்து நடுவறைக்கு விட்டிருந்தார்கள். சுவரில் வெடிப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை நெடுகப் பூசி, அதில் பிளாஸ்ரிக் குழல்கள் சட்டையில் பூட்டுகிற தெறி மாதிரி வரிசையாய் நின்றன. குகதாசன் சின்ன ஸ்ரூலில் இருந்து துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தார். நிரோஜினி அறையின் மற்றக் கோடியில், விளக்குமாற்றோடு, சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் மா பூசின மாதிரித் தூசி. இவளைக் கண்டதும் குகதாசனின் வாய் மூடியது. தவமலர் தன் கண்ணாலேயே பார்த்தாள், குழாயைத் திருகிப் பூட்டுகிற மாதிரி மூடியது.

"என்ன?" என்றார். மேலே கதைக்கிற குரல்.

"ஒண்டுமில்லை. முடிஞ்சுதோ?"

"ம். பசை இறுகியிட்டுது. இனிச் சோதிச்சுப் பாக்கவேணும். ஒராள் வெளியில நிண்டு சுவரில தண்ணி விடவேணும், ஒராள் இஞ்ச நிண்டு பாக்கவேணும்." கொஞ்சம் யோசித்தார். "நீர் வெளியில போறீரே? பைப் உமக்குத்தானே பழக்கம்."

அவள் வெளியில் நிற்கவேணும், இவை இரண்டு பேரும் உள்ளுக்கு நின்று சுவரைப் பார்க்கவேணும். தவமலர் நிரோஜினியைப் பார்த்தாள். சொல்லவேண்டிய வசனம் நாக்கில்தான் இருந்தது. சொந்தக்காரர் வருகினம். வாயைத் திறந்தாள், வேறொன்று வந்தது.

"பிள்ளை, நீர் போய்த் தண்ணியை விடும். என்ர பாத்திக்குள்ளயே விடும். வரம்பை வெட்டிப்போட்டு விடாதையும், நிரம்பி நிக்கட்டும். அப்பதானே அடைச்சது அடைச்சதோ எண்டு தெரியும்."

நிரோஜினி குகதாசனைப் பார்த்தாள். குகதாசன் முகட்டில் ஓடுகிற தகரக் குழாயை அண்ணாந்து பார்த்தார். நிரோஜினி விளக்குமாற்றை மெதுவாய்ச் சாத்திவிட்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு படியேறிப் போனாள்.

"எல்லாம் கேட்டுதோ?" என்றார் குகதாசன்.

"பாத்தியை நாளைக்கு மாத்துவம். வேலிப் பக்கமா. நீங்கள் கொத்தித் தாங்கோ," என்றாள் தவமலர். பிறகு, இவ்வளவு நேரமும் நெஞ்சுக்குள் கிடந்து காந்தினது தானாக வெளியே வந்தது. "அந்தக் கதையை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எந்தக் கதை?"

"தோணிக் கதை. மொன்றியலில தண்ணி அள்ளின கதை. வந்தவள் போனவளுக்கெல்லாம் சொல்லுறியள். எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் என்ன, மரமோ?"

அவர் துணியை மடித்தார். விரித்தார். "உமக்குச் சொன்னனானே," என்றார்.

"எப்ப?"

"நீர் இஞ்ச வந்திறங்கின அண்டைக்கு. எயார்போட்டிலேயிருந்து வந்து, சாப்பிட்டு, கட்டிலில வந்திருந்தனீர். எனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. அப்ப அதைத்தான் சொன்னனான். முழுக்கச் சொல்லி, அழுதது வரைக்கும் சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாத்தா, நீர் நித்திரை."

இரண்டு பிளேன் மாறி, கொழும்பிலிருந்து வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவளென்று அவளால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. "எழுப்பியிருக்கலாமே," என்றாள்.

"பாவம், களைப்பெண்டு விட்டிட்டன். பேந்து, இன்னொருக்காச் சொல்ல ஒரு மாதிரி இருந்துது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதுக்குப் பிறகு எதைச் சொல்லத் துடங்கினாலும் நித்திரையாப் போடுவீரோ எண்டு ஒரு பயம். அப்பிடியே பழகியிட்டுது."

தவமலர் படியின் கடைசித் தட்டில் இருந்தாள். அவளுக்கு இப்போது நிரோஜினி மேலே கோபமில்லை. கோபமெல்லாம் அந்தக் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பெட்டை மேலேதான். புதுத் தாலியோடு, குளிருக்குப் போர்த்துக்கொண்டு, புருசன் தன் நெஞ்சைத் திறந்து வைக்கிற நேரம் பார்த்து நித்திரை கொண்டவள். அவளைத் தலைமயிரில் பிடித்து உலுப்பி எழுப்பவேணும் போல இருந்தது. அந்த இடம் அவளுக்குத்தான் கொடுக்கப்பட்டது, அவள்தான் விட்டுவிட்டாள், ஒருத்தியும் வந்து பறிக்கவில்லை. இதைப் போல எரிச்சல் வேற இல்லை.

"இப்ப முழிப்பாத்தான் இருக்கிறன்," என்றாள். "சொல்லுங்கோ."

"இப்பவோ?"

"இப்ப."

"எங்கேயிருந்து? தோணியிலேயிருந்தோ, பேஸ்மென்றிலேயிருந்தோ?"

"தோணியிலேயிருந்து."

முகட்டோடு ஒட்டின சின்ன ஜன்னலில் நிரோஜினியின் செருப்பும் பச்சைப் பைப்பின் நுனியும் தெரிந்தன. "அண்ணை!" என்று குரல் வந்தது. "திறக்கட்டோ?"

குகதாசன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார், பதில் சொல்ல வாயைத் திறந்தார். தவமலர் முந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை!" என்று கத்தினாள். "அண்ணை கதைச்சுக்கொண்டிருக்கிறார்!"